நான்கு துளையா, ஆறு துளையா: ஆர்எக்ஸ்-8 ஆட்டோமேட்டிக்குக்கு மாற்று இன்ஜின் தேடுதல்

ஒரே பெயரைத் தாங்கிய இரண்டு இன்ஜின்கள் ஒன்றின் இடத்தில் மற்றொன்று அமர்ந்துவிடும் என்ற நம்பிக்கை பெரும்பாலான கார்களில் ஓரளவு செல்லுபடியாகும். மாஸ்டா நிறுவனத்தின் ஆர்எக்ஸ்-8 ஸ்போர்ட்ஸ் காரில், அதிலும் அதன் ஆட்டோமேட்டிக் வகையில், அந்த நம்பிக்கை உரிமையாளரின் பணத்தையும் பல மாத உழைப்பையும் விழுங்கிவிடக்கூடியது. 2003-இல் விற்பனைக்கு வந்து 2012-இல் உற்பத்தி நிறுத்தப்பட்ட இந்தக் காரின் எல்லா வகைகளிலும் இருந்தது 13பி-எம்எஸ்பி என்னும் குறியீடும் ‘ரெனேசிஸ்’ என்னும் பெயரும் கொண்ட 1,308 கன சென்டிமீட்டர் சுழல் இன்ஜின்தான் என்றாலும், அந்தப் பெயருக்குள் உள்ளமைப்பில் வேறுபட்ட பல இன்ஜின்கள் அடங்கியிருக்கின்றன. அவற்றுள் எது தன் காருக்கு உரியது என்பதை உரிமையாளருக்குச் சொல்வது அந்தப் பெயரன்று. காரிலேயே தங்கிவிடப்போகும் கியர்பெட்டியும் கட்டுப்பாட்டுக் கணினியுமே சொல்கின்றன.

பிஸ்டன் மேலும் கீழும் ஏறி இறங்கும் வழக்கமான இன்ஜினைப் போலன்றி, ஜெர்மானியப் பொறியாளர் ஃபெலிக்ஸ் வாங்கல் உருவாக்கிய வழியில் அமைந்த சுழல் இன்ஜினில், பக்கங்கள் சற்றே புடைத்த முக்கோண வடிவிலான ‘ரோட்டர்’ ஒன்று, எட்டு என்ற எண்ணின் இடுப்பை அகலப்படுத்தியது போன்ற உட்புறம் கொண்ட கூட்டினுள் சுழல்கிறது. ரோட்டரின் மூன்று முகங்களும் தனித்தனி அறைகளாகச் செயல்பட்டு, காற்றை உள்ளிழுத்தல், அழுத்துதல், எரித்தல், புகையை வெளியேற்றுதல் ஆகிய நான்கு வேலைகளையும் மாறி மாறிச் செய்கின்றன. ரோட்டர் ஒரு முறை சுழல்வதற்குள், அதன் நடுவே செல்லும் மையம் விலகிய தண்டு மூன்று முறை சுழன்றுவிடுகிறது. ஆகவே சுற்றுமானி 7,500 என்று காட்டும்போது ரோட்டர் சுழல்வது 2,500 சுற்று வேகத்தில்தான். ரெனேசிஸில் இத்தகைய ரோட்டர்கள் இரண்டு உள்ளன. அவற்றின் முன்னும் பின்னும் இடையிலும் மூன்று வார்ப்பிரும்புத் தட்டுகள் நிற்கின்றன. காற்று உள்ளே வரும் துளைகளும் (மெக்கானிக்குகள் இவற்றைப் ‘போர்ட்’ என்பார்கள்) புகை வெளியேறும் துளைகளும் இந்தத் தட்டுகளிலேயே குடையப்பட்டிருக்கின்றன. புகைத்துளையை ரோட்டர் கூட்டிலிருந்து பக்கத்தட்டுக்கு மாற்றியதுதான் ரெனேசிஸின் தனிப்புதுமை. 2003-ஆம் ஆண்டின் சர்வதேசச் சிறந்த இன்ஜின் விருதை அது பெற்றது.

வட அமெரிக்காவில் 2004, 2005 மாதிரி ஆண்டுகளில் விற்ற ஆட்டோமேட்டிக் கார்களில் இருந்தது நான்கு துளை இன்ஜின். அதாவது நடுத்தட்டில் இரண்டு, முன்தட்டிலும் பின்தட்டிலும் ஒவ்வொன்று என நான்கு உள்ளிழுப்புத் துளைகள். அதே ஆண்டுகளின் ஆறு வேக மேனுவல் கார்களில் முன்தட்டிலும் பின்தட்டிலும் கூடுதலாக ஒவ்வொரு துணைத்துளை இருந்தது. சுற்றுவேகம் உயரும்போது கணினியின் கட்டளைப்படி ஒரு வால்வு அந்தத் துணைத்துளைகளைத் திறந்துவிடும். அதனால் மேனுவல் கார் 9,000 சுற்று வரை ஓடி 238 குதிரைத்திறனைத் தர, நான்கு வேக ஆட்டோமேட்டிக் கார் 7,500 சுற்றோடு நின்று 197 குதிரைத்திறனைத் தந்தது. எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களின் எண்ணிக்கையும் ஒன்றல்ல: மேனுவலில் ரோட்டருக்கு மூன்று, ஆட்டோமேட்டிக்கில் ரோட்டருக்கு இரண்டு. 2006-ஆம் ஆண்டு ஆட்டோமேட்டிக்குக்கு ஆறு வேகக் கியர்பெட்டி வந்தபோது அதனுடன் ஆறு துளை இன்ஜினும் வந்து, திறன் 212 குதிரைத்திறனாக உயர்ந்தது. உச்சச் சுற்றுவேகம் மட்டும் 7,500-லேயே இருந்தது. ஆட்டோமேட்டிக் என்ற ஒரு சொல்லுக்குள்ளேயே இரண்டு வேறு இன்ஜின்கள் உண்டு என்பதால், தேடத் தொடங்கும் உரிமையாளர் முதலில் உறுதிசெய்ய வேண்டியது தன் காரின் மாதிரி ஆண்டை.

மேனுவல் காரின் ஆறு துளை இன்ஜினை 2004-ஆம் ஆண்டின் ஆட்டோமேட்டிக்கில் பொருத்தினால் இன்னும் நாற்பது குதிரைத்திறன் கிடைக்குமல்லவா என்ற எண்ணம் எல்லோருக்கும் ஒரு முறையாவது எழுகிறது. எழுவது இயல்பு, ஆனால் அது நிறைவேறாது. அந்தக் காரின் கணினிக்குத் துணைத்துளை வால்வு என்ற ஒன்று இருப்பதே தெரியாது. மூன்றாவது இன்ஜெக்டருக்குக் கட்டளை தரும் வழியும் அதனிடம் இல்லை. துணைத்துளைகள் திறக்காத ஆறு துளை இன்ஜின் கூடுதலாக எதையும் தரப்போவதில்லை. கணினியையும் மாற்றலாம் என்றால் வயரிங், காற்றுக்குழல், சாவி அடையாளம், கியர்பெட்டிக் கட்டுப்பாடு என்று மாற்ற வேண்டியவற்றின் பட்டியல் நீண்டுகொண்டே போய், கடைசியில் நல்ல நிலையிலுள்ள இன்னொரு காரையே வாங்கியிருக்கலாம் என்ற இடத்தில் கொண்டுபோய் நிறுத்தும். நான்கு துளைக்கு நான்கு துளை, ஆறு துளைக்கு ஆறு துளை என்ற நேரிய விதியே உரிமையாளரின் பணத்தைக் காப்பது. நான்கு துளை இன்ஜினைத் தாழ்ந்த வகையாகப் பேசுவோர் உண்டு. அந்தப் பேச்சு நியாயமற்றது. நகரச் சாலையில் பெரும்பாலும் பயன்படும் நடுத்தரச் சுற்றுவேகத்தில் அது இணக்கமாக இழுக்கும் இன்ஜின். தனக்குரிய கியர்பெட்டியோடு சேர்ந்தே அது வடிவமைக்கப்பட்டது.

ஜப்பானிலிருந்து இறக்குமதியாகும் பழைய இன்ஜின்களைப் பொறுத்தவரை இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. அங்கே 250 குதிரைத்திறன் கொண்ட டைப் எஸ் வகை ஆறு துளையுடனும் ஆறு வேக மேனுவலுடனும் வந்தது; 210 குதிரைத்திறன் கொண்ட நான்கு துளை வகையோ ஆட்டோமேட்டிக்கில் மட்டுமன்றி ஐந்து வேக மேனுவலிலும் கிடைத்தது. ஆகவே ‘மேனுவல் காரிலிருந்து எடுத்தது’ என்று விற்பவர் சொன்னால் அது ஆறு துளை என்று முடிவுகட்டுவதும் தவறு, ‘ஜப்பான் ஆட்டோமேட்டிக்’ என்று சொன்னதால் மட்டும் நான்கு துளை என்று நம்புவதும் தவறு. சொல்லை விட்டுக் கண்ணை நம்புவதே வழி: காற்றுக்குழல் கழற்றப்பட்ட இன்ஜினின் பக்கவாட்டில் உள்ளிழுப்புத் துளைகளை எண்ணிப் பார்த்தால் நான்கா ஆறா என்பது அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். நேரில் போக முடியாதவர் அந்தப் பக்கத்தின் தெளிவான படத்தைக் கேட்டு வாங்க வேண்டும். படம் தர மறுக்கும் விற்பனையாளரிடம் வாங்காமல் விடுவது நல்லது.

2009-ஆம் ஆண்டு முதலான திருத்திய வகையின் இன்ஜின் வயதில் இளையது என்பதால் கவர்ச்சியாகத் தோன்றும். ஆனால் அதில், ரோட்டரின் விளிம்புகளில் கசிவைத் தடுக்கும் சீல்களுக்கு எண்ணெய் தெளிக்கும் ஏற்பாடே மாறிவிட்டது. சுழல் இன்ஜின் தன் வடிவமைப்பின்படியே சிறிதளவு எண்ணெயை எரிப்பறைக்குள் தெளித்து எரிக்கும். அந்த எண்ணெய் இல்லாவிட்டால் சீல்கள் உலர்ந்து தேயும். பழைய வகையில் ஒரு பம்பு இரண்டு முனைகள் வழியாக ஒவ்வொரு ரோட்டருக்கும் தந்த எண்ணெயை, புதிய வகையில் மின்பம்புகள் மூன்று முனைகள் வழியாகத் தருகின்றன. பழைய காரின் கணினியால் அந்தப் பம்புகளை இயக்க முடியாது. உள்பாகங்களை எடுத்துக் கலந்து கட்டும் திறமைசாலிகள் இருக்கிறார்கள் என்றாலும், இறக்கிவைத்தால் போதும் என்று எதிர்பார்ப்பவருக்கு இந்த வழி உதவாது.

எந்த ஆண்டின் இன்ஜின், எத்தனை துளை என்பது முடிவான பிறகும், ஆட்டோமேட்டிக் காரில் மட்டும் எழும் ஒரு கேள்வி எஞ்சியிருக்கிறது. மேனுவல் கார்களில் பழகிய மெக்கானிக்குகளும் தடுமாறும் இடம் இது. இரண்டு ரோட்டர்களும் மையம் விலகிய தண்டில் எதிரெதிர்த் திசையில் அமர்ந்திருப்பதால் எழும் ஆட்டத்தைச் சமன்செய்யத் தண்டின் முன்முனையிலும் பின்முனையிலும் சமன் எடைகள் வைக்கப்பட்டிருக்கின்றன. மேனுவல் காரில் பின்பக்கச் சமன் எடை, கிளட்ச் அமரும் கனமான ஃப்ளைவீல் சக்கரத்தோடு ஒன்றாகவே வார்க்கப்பட்டிருக்கும். ஆட்டோமேட்டிக்கில் ஃப்ளைவீல் இல்லை. பின்முனையில் தனியான சமன் எடையும், அதன்மேல் ‘ஃப்ளெக்ஸ் பிளேட்’ எனப்படும் மெல்லிய தகடும், அந்தத் தகட்டில் டார்க் கன்வெர்ட்டரும் பொருந்துகின்றன. டார்க் கன்வெர்ட்டர் என்பது கிளட்சுக்குப் பதிலாக எண்ணெயின் சுழற்சி வழியாக இன்ஜினின் விசையைக் கியர்பெட்டிக்குக் கடத்தும் உருண்டைக் கலம். மேனுவலிலிருந்து எடுத்த இன்ஜினை ஆட்டோமேட்டிக்கில் வைப்பதென்றால், அந்த இன்ஜினின் ரோட்டர்களுக்கு ஏற்ற ஆட்டோமேட்டிக் சமன் எடையைத் தேடி வாங்கிப் பொருத்த வேண்டும். ரோட்டரின் எடைக்குப் பொருந்தாத சமன் எடையோடு இன்ஜின் ஓடத்தான் செய்யும். ஓடிக்கொண்டே தன் தாங்கிகளைத் தின்னும்.

அந்தச் சமன் எடையைத் தண்டில் பிடித்துவைக்கும் நட்டு 54 மில்லிமீட்டர் அளவுள்ளது; அதை 392 முதல் 490 நியூட்டன் மீட்டர் வரை முறுக்கிப் பூட்ட வேண்டும் என்பதால், சாதாரணப் பட்டறைச் சாவியால் ஆகும் வேலையன்று. இன்ஜினைக் கியர்பெட்டியோடு சேர்க்குமுன் டார்க் கன்வெர்ட்டர் கியர்பெட்டியின் உள்ளே கடைசி வரை அமர்ந்திருக்கிறதா என்று அளந்து பார்ப்பதும் கட்டாயம். அது முழுதாக அமராத நிலையில் போல்ட்டுகளை முறுக்கி இரண்டையும் இழுத்துச் சேர்த்தால், கியர்பெட்டியின் முன்பக்க எண்ணெய் பம்பு நொறுங்கிவிடும். இன்ஜினை மாற்ற வந்தவர் கியர்பெட்டியும் வாங்க நேரிடும்.

இனி இன்ஜினின் உடல்நலத்துக்கு வரலாம். எத்தனை மைல் ஓடியது என்ற கணக்கு சுழல் இன்ஜினில் சிறிதளவே பேசும். ஒழுங்காகச் சூடேற்றி, எண்ணெய் குறையாமல், அவ்வப்போது உச்சச் சுற்றுவரை ஓட்டப்பட்ட ஒரு லட்சம் மைல் இன்ஜின், கடைத்தெருவுக்கு மட்டும் போய்வந்து கரி படிந்த முப்பதாயிரம் மைல் இன்ஜினைவிட நலமாக இருக்க முடியும். உண்மையைச் சொல்வது கம்ப்ரஷன் சோதனை, அதாவது அறைக்குள் காற்று எவ்வளவு அழுத்தம் பெறுகிறது என்று அளப்பது. பிஸ்டன் இன்ஜினுக்கான சாதாரண அளவி இங்கே பயன்படாது. ஒரே பிளக் துளையின் முன்னால் மூன்று முகங்களும் கடந்துபோவதால், அது மூன்றில் உயர்ந்த அழுத்தத்தை மட்டும் பிடித்துவைத்துக்கொண்டு பழுதான முகத்தை மறைத்துவிடும். ஒவ்வொரு முகத்தின் அழுத்தத்தையும் தனியாகவும், ஸ்டார்ட்டர் சுழற்றும் வேகத்தையும் சேர்த்தும் பதியும் தனிக்கருவி வேண்டும். மாஸ்டாவின் பட்டறைக் கையேட்டின்படி, நிமிடத்துக்கு 250 சுற்று வேகத்தில் நல்ல இன்ஜின் 830 கிலோபாஸ்கல் காட்டும். 680-க்குக் கீழே போனால் இன்ஜினின் காலம் முடிந்தது. ஒரே ரோட்டரின் முகங்களுக்கிடையே 150-க்கு மேலும், இரண்டு ரோட்டர்களுக்கிடையே 100-க்கு மேலும் வேறுபாடு இருக்கக் கூடாது. சுழலும் வேகம் குறைந்தால் அழுத்தமும் குறைந்து தெரியும் என்பதால், வேகத்தைக் குறிப்பிடாமல் தரப்படும் சோதனை எண்கள் பாதி உண்மையே.

தரையில் கிடக்கும் இன்ஜினில் இந்தச் சோதனையை எளிதாகச் செய்ய முடியாது. அப்போது பிளக்குகளைக் கழற்றிவிட்டு, தண்டைக் கையால் மெல்லச் சுழற்றிக் காது கொடுத்துக் கேட்கலாம். தண்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒவ்வொரு ரோட்டரிலிருந்தும் ஒரு ‘புஸ்’ என்ற மூச்சு வெளிவரும். மூன்று சுற்றில் மூன்று மூச்சு. மூன்றும் ஒரே வலிமையில் வந்தால் நம்பிக்கை கொள்ளலாம். ஒன்று மட்டும் சோர்ந்து வந்தால், அந்த முகத்தின் முனையிலோ பக்கத்திலோ உள்ள சீல் போய்விட்டது. இந்தக் கைச்சோதனை எண்களைத் தராவிட்டாலும், செத்த இன்ஜினை வீட்டுக்குக் கொண்டுவருவதைத் தடுக்கும்.

பழைய இன்ஜின் வேண்டாம் என்பவருக்கு வட அமெரிக்காவில் மாஸ்டாவின் விற்பனையகங்கள் வழியே கிடைத்துவந்த மறுசீரமைப்பு இன்ஜின் ஒரு வழி. அதில் தேய்ந்த பாகங்கள் மாற்றப்பட்டு, உறுதிமொழிக் காலத்துடன் இன்ஜின் வருகிறது. பழைய இன்ஜினைத் திருப்பித் தந்தால் மட்டும் மீளக் கிடைக்கும் ஒரு வைப்புத்தொகையும் விலையில் சேர்ந்திருக்கும். ஆகவே பழையதைக் கழற்றியவுடன் உடைசல் வியாபாரியிடம் தள்ளிவிடக் கூடாது. 2004 முதல் 2008 வரையான கார்களின் இன்ஜின் உட்பாகத்துக்கு மாஸ்டா அங்கே 8 ஆண்டு அல்லது ஒரு லட்சம் மைல் என்று உறுதிமொழியை நீட்டித்தது. அந்த நீட்டிப்பில் பல கார்களுக்குப் புதிய உயிர் கிடைத்தது. அந்தக் காலம் எப்போதோ கடந்துவிட்டதால் இன்றைய உரிமையாளர் தன் செலவிலேயே மாற்ற வேண்டும். விற்பவரிடம் கேட்கத் தகுந்த கேள்வி ஒன்று இதிலிருந்து பிறக்கிறது: காரில் உறுதிமொழிக் காலத்தில் ஒரு முறை இன்ஜின் மாற்றப்பட்டதா, மாற்றப்பட்டிருந்தால் அதன் பிறகு எவ்வளவு ஓடியது?

தன் இன்ஜினையே பிரித்துக் கட்டுவது மூன்றாம் வழி. பொருத்தம் பற்றிய எல்லாச் சந்தேகங்களையும் ஒரேயடியாகத் தீர்ப்பதும் அதுவே. துளைகளின் எண்ணிக்கை, சமன் எடை, இன்ஜெக்டர், சென்சார் ஆகிய அனைத்தும் அந்தக் காருக்கே உரியவை. ஆனால் பிரித்த பிறகே உண்மைச் செலவு தெரியும்: பிளக் துளைக்கு அருகே கூட்டின் குரோமியப் பூச்சு உரிந்திருக்கலாம், பக்கத்தட்டுகளில் சீல்கள் கோடு கிழித்திருக்கலாம், மிகவும் சூடேறிய இன்ஜினில் தட்டு வளைந்திருக்கலாம். சீல்களை மட்டும் மாற்றித் தேய்ந்த கூட்டில் மீண்டும் பூட்டுவது, ஓட்டைக் குடத்துக்கு வாயில் துணி கட்டுவது போன்றது. சுழல் இன்ஜினை மட்டுமே தொழிலாகக் கொண்ட பட்டறை எட்டும் தொலைவில் இருந்தால், இந்த மூன்றாம் வழியே முதலில் விசாரிக்கத் தக்கது.

சுழல் இன்ஜினையே விட்டுவிட்டு ஜெனரல் மோட்டார்ஸின் எல்எஸ் வகை எட்டு சிலிண்டர் இன்ஜினை இறக்குவோரும் அமெரிக்காவில் இருக்கின்றனர். இயந்திர அளவில் அது முடியும்; கியர்பெட்டி, வயரிங், குளிரூட்டும் அமைப்பு எல்லாம் உடன் மாறும். சட்ட அளவில் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபாடு உண்டு. கலிஃபோர்னியாவில் மாற்று இன்ஜின் காரின் ஆண்டுக்குச் சமமானதாகவோ பிந்தியதாகவோ இருக்க வேண்டும், அதற்குரிய புகைக் கட்டுப்பாட்டுப் பாகங்கள் முழுவதும் உடன் வர வேண்டும், மாநிலம் நியமித்த நடுவர் நிலையத்தில் காரைக் காட்டி ஒப்புதல் பெற வேண்டும். இதை முடித்தவர்களிடம் வேகமான கார் ஒன்று இருக்கும். மெல்லிய சீழ்க்கை போல் சுற்றேறும் அந்த ரோட்டரின் ஒலி மட்டும் இராது. ஆர்எக்ஸ்-8 வைத்திருப்பதற்கான காரணமே அந்த ஒலியும் வழுவழுப்பும் என்று கருதுவோருக்கு இந்த வழி எதையும் தீர்ப்பதில்லை.

எந்த இன்ஜின் கிடைத்தாலும், பழையது ஏன் செத்தது என்று கண்டறியாமல் புதியதை இறக்குவதைப் போன்ற வீண் செலவு இல்லை. ஆர்எக்ஸ்-8-இல் அந்தச் சாவு பெரும்பாலும் சிறு பாகத்தில் தொடங்குகிறது. தீப்பொறி தரும் நான்கு காயில்களில் ஒன்று பலவீனப்பட்டால் எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குள் போய், நச்சுப்புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் எரிகிறது. அந்த வெப்பத்தில் கன்வெர்ட்டரின் உள்வலை உருகி அடைத்துக்கொள்கிறது. வெளியேற வழியற்ற சூடான புகை இன்ஜினுக்குள்ளேயே தேங்கி, புகைத்துளையைக் கடக்கும் பக்க சீல்களைக் கெடுக்கிறது. ஆகவே புதிய இன்ஜினோடு புதிய காயில்களும் பிளக்குகளும் வர வேண்டும். கன்வெர்ட்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். ரேடியேட்டரையும், காலத்தால் வெடிக்கும் பிளாஸ்டிக் குளிர்நீர்க் கலத்தையும் சோதித்துப் பார்க்க வேண்டும். வெப்பமானியின் முள் நடுவில் நிற்கிறதே என்று ஆறுதல் கொள்வதும் கூடாது: இந்தக் காரில் அந்த முள் அகன்ற வெப்ப எல்லை முழுவதும் நடுவிலேயே நிற்கும்படி அமைக்கப்பட்டது, அது ஏறத் தொடங்கும்போது குளிர்நீர்க் கசிவைத் தடுக்கும் சீல்கள் வெந்திருக்கும். கணினியிலிருந்து உண்மை வெப்பநிலையைப் படித்துக் காட்டும் சிறு கருவி ஒன்று விலை குறைவு, பயன் பெரிது. தொடக்ககால நான்கு வேக ஆட்டோமேட்டிக்கில் பெரும்பாலும் ஒரே ஓர் ஆயில் கூலர்தான் இருந்தது. வெப்பமான ஊர்களில் ஓடும் காரென்றால், இன்ஜின் வெளியே இருக்கும் இந்த நேரத்திலேயே மேனுவலில் உள்ளதுபோல் இரண்டாவது கூலரைச் சேர்த்துவிடுவது அறிவுடைமை.

எல்லாம் பூட்டி முடிந்த பிறகு கணினிக்கும் ஒரு வேலை பாக்கியிருக்கும். தண்டின் நிலையைப் படிக்கும் சென்சார் பார்க்கும் பல்தகட்டின் நுண்ணிய வடிவ வேறுபாடுகளைக் கணினி பழைய இன்ஜினிலிருந்து நினைவில் வைத்திருக்கிறது; அந்த நினைவு அழியாமல் இருந்தால், இல்லாத தீப்பிழையை இருப்பதாக அது அறிவிக்கக்கூடும். சாவியை இயக்க நிலைக்குத் திருப்பி, இன்ஜினைக் கிளப்பாமல், பிரேக் மிதியை எட்டு விநாடிக்குள் இருபது முறை மிதித்தால் எண்ணெய் அழுத்தமானியின் முள் ஒரு முறை ஏறி இறங்கும். பழைய நினைவு அழிந்தது என்பதற்கு அதுவே அடையாளம். பின்னர் எண்ணெயும் குளிர்நீரும் அளவில் இருப்பதைப் பார்த்து இன்ஜினைக் கிளப்பி, நன்றாகச் சூடேறியதும் நிறுத்தி, அந்தச் சூட்டிலேயே கம்ப்ரஷனை அளந்து, ஆறு முகங்களின் எண்களையும் சுழற்சி வேகத்தையும் தேதியோடு ஒரு தாளில் எழுதிக் காரின் கையுறைப் பெட்டியில் வைத்துவிட வேண்டும். அடுத்த ஆண்டு அளக்கும்போது ஒப்பிட்டுப் பார்க்க அந்தத் தாள் வேண்டியிருக்கும்.